பெயின்ட்பால் துப்பாக்கி சிலிண்டரை வீட்டிலேயே மாற்றியமைக்கலாமா?

கேள்வி – தண்டையார்பேட்டை
என்னிடம் உள்ள பெயின்ட்பால் துப்பாக்கியின் (வாயு அழுத்தத்தால் வண்ணக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் சிறியது. விரைவில் காலியாகிவிடுகிறது, குண்டும் வேகமாகப் பாய்வதில்லை. அதை எடுத்துவிட்டுப் பழைய தீயணைப்பு சிலிண்டர் ஒன்றைப் பொருத்துவதற்கு, வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் மரை கடைந்து தருவதாகச் சொல்கிறார். சிலிண்டர் பெரிதானால் வேகமும் கூடும் அல்லவா? இப்போதுள்ள வால்வின் பக்கவாட்டுத் திருகில் லேசான கசிவு இருக்கிறது. அதை எம்-சீல் வைத்து அடைத்துவிடலாமா?

பதில் – மணலி
தம்பி, முதலில் அந்தத் திருகு. அதனுள் இருப்பது, அழுத்தம் எல்லை மீறும்போது சிலிண்டர் வெடிப்பதற்கு முன்பே கிழிந்து வாயுவை வெளியேற்றிவிடும் மெல்லிய பாதுகாப்புத் தகடு என்பதால், அதை அடைப்பது பிரஷர் குக்கரின் சேஃப்டி வால்வை அடைப்பதற்குச் சமம். அதுவும் நம் ஊர் வெயிலில்! சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாகவும் அதன் மேல் வாயுவாகவும் இருக்கும்; 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 57 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) இருக்கும் அதன் அழுத்தம், 31 டிகிரியில் 74 பாரை எட்டுகிறது. அதற்கு மேல் உள்ளே திரவம் என்று ஒன்று தனியாக இராது, எவ்வளவு நிரப்பியிருக்கிறோமோ அதற்கேற்ப அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஆகவேதான் இதைத் தராசில் எடை பார்த்து நிரப்புகிறார்கள், கேஜைப் பார்த்து அல்ல.

வேகத்தைப் பற்றி நீங்கள் நினைப்பது சரியல்ல. உள்ளே திரவம் இருக்கும் வரை, ஒரே வெப்பநிலையில் சிறிய சிலிண்டருக்கும் பெரிய சிலிண்டருக்கும் அழுத்தம் ஒன்றுதான்; பெரியதில் கூடுதல் குண்டுகள் சுடலாம், அவ்வளவே. தொடர்ந்து சுட்டால் சிலிண்டர் சில்லிட்டு அழுத்தம் இறங்குவதாலும் வேகம் குறையும். துப்பாக்கியின் ஸ்பிரிங்கையும் வேகத் திருகையும் பாருங்கள்; ஆனால் ஆடுகளங்களில் பொதுவாக நொடிக்கு 300 அடிதான் உச்ச வரம்பு.

பதில் – பெரம்பூர்
தீயணைப்பு சிலிண்டரின் உள்ளே அடிவரை செல்லும் குழாய் ஒன்று உண்டு. நிமிர்த்தி வைத்தால் அதன் வழியே வாயுவுக்குப் பதிலாகத் திரவமே வந்து, துப்பாக்கியின் ஓ-ரிங்குகளை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) உறையவைத்துக் கெடுத்துவிடும். துப்பாக்கியிலிருந்து சிலிண்டரைக் கழற்றும்போதும் கவனம் தேவை: சிலிண்டர் மட்டும் சுழன்று வால்வு துப்பாக்கியிலேயே தங்கிவிட்டால், மரை விட்டதும் சிலிண்டர் ராக்கெட்டாகப் பாயும், அமெரிக்காவில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. வால்விலிருந்து சிலிண்டர் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்து வைத்தால், இரண்டும் விலகுவது உடனே தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்
நன்றி அண்ணா. லேத் வேலையைக் கைவிடுகிறேன். கசிவுக்கு என்ன செய்வது?

பதில் – மணலி
வாயு முழுவதும் வெளியேறிய பிறகு, உரிமம் பெற்ற நிரப்புநிலையத்தில் கொடுத்து, அதே அழுத்தத்துக்கு உரிய புதிய தகட்டைப் போடச் சொல்லுங்கள். நீரழுத்தச் சோதனைத் தேதி 5 ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் நிரப்ப மறுப்பார்கள், அது நல்லதுதான். 500 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள கலன்கள் 2016ஆம் ஆண்டின் வாயு சிலிண்டர் விதிகளுக்குள் வருகின்றன. அதிகக் குண்டுகள்தான் தேவை என்றால், இதற்கென்றே தயாரான பெரிய சிலிண்டரை வாங்கி, ரிமோட் ஹோஸ் (சிலிண்டரைத் துப்பாக்கியுடன் இணைக்கும் நீண்ட குழாய்) மூலம் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.