வள்ளத்து பேட்டரி நடுச்சாமத்தில் இறங்கிவிடுகிறது, புதுசு வாங்கத்தான் வேண்டுமா?

வேம்பார் வள்ளம்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். என்னுடையது 28 அடி ஃபைபர் வள்ளம், வழிவலைத் தொழில். டீசல் இன்ஜினைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்வேன். அதனால் பேட்டரிக்கு இன்ஜின் பாரம் கிடையாது. 10 வாட் எல்இடி விளக்கு ரெண்டு, ஜிபிஎஸ்ஸும் எக்கோவும் (கடல் ஆழம் காட்டும் கருவி) சேர்ந்த ஒரு பெட்டி, 25 வாட் விஎச்எஃப் வயர்லெஸ் செட், இவ்வளவுதான் அதில் ஓடுகிறது.

பேட்டரி 75 ஏஎச் (ஆம்பியர் மணி, எவ்வளவு கரண்ட் பிடிக்கும் என்ற அளவு), கார் பேட்டரி. வாங்கி 14 மாதம் ஆகிறது. மாலை 3 மணிக்குக் கரையை விட்டால் மறுநாள் காலை 6 மணிக்குத்தான் திரும்புவோம். முதல் வருசம் விடியும்வரை தாங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஐந்து வாரம் வள்ளத்தைக் கரையேற்றிப் போட்டிருந்தேன். பேட்டரி வலைக் கொட்டகையில் சும்மா கிடந்தது. அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லை.

போன வாரம் 14 பாகம் (சுமார் 84 அடி) ஆழத்தில் வலை விட்டுக் கிடந்தோம். இரவு ஒரு மணி இருக்கும். ஒரு கப்பலின் வெளிச்சம் நேராக எங்கள் பக்கம் வருவது போலத் தெரிந்தது. கப்பல்கள் கேட்டுக்கொண்டிருக்கும் 16ஆம் சேனலில் கூப்பிட விஎச்எஃப் மைக்கை அழுத்தினேன். அழுத்திய உடனே எக்கோ திரை அணைந்தது, விளக்கு மங்கியது. கையை எடுத்தால் திரை திரும்ப வருகிறது, அழுத்தினால் போகிறது. கப்பல் விலகிப் போய்விட்டது, ஆனால் அந்தப் பத்து நிமிசம் என்னை விட்டுப் போகவில்லை. வள்ளத்தில் என் அக்கா மகனும் இருந்தான்.

வீட்டில் சார்ஜ் போட்டு மல்டிமீட்டர் வைத்தால் 12.7 காட்டுகிறது. கடையில் பேட்டரி போய்விட்டது, 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கு என்கிறார்கள். மச்சான் லித்தியம் வாங்கச் சொல்கிறான். எதைச் செய்வது?

மண்டபம் கரை:

தம்பி, கடைக்காரர் சொல்வது சரிதான். நான் 150 ஏஎச் டியூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரிதான் வைத்திருக்கிறேன், ரெண்டு ராத்திரி தாங்கும்.

பேட்டரி பட்டறை, தூத்துக்குடி:

மண்டபம் அண்ணாச்சி வைத்திருப்பது பெரிய படகாக இருக்கலாம். 28 அடி வள்ளத்துக்கு அது வேண்டாம். ஆசிட்டோடு சேர்த்து 50 கிலோவுக்கு மேல் வரும், உயரமும் அதிகம். வாடைக்காற்றில் வள்ளம் ஆடும்போது சாய்ந்தால் ஆசிட் கொட்டும். ஆசிட்டும் கடல் தண்ணீரும் சேர்ந்து பேட்டரிக்குள் போனால் குளோரின் வாயு கிளம்பும், அதை மூச்சில் இழுத்தால் நெஞ்சு எரிந்துவிடும். எந்த பேட்டரியானாலும் பெட்டிக்குள் வைத்துப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பெட்டிக்கு மேலே காற்றுப் போக ஓட்டை இருக்கட்டும்.

இப்போது உன் விசயத்துக்கு வருகிறேன் தம்பி. 12.7 என்பது சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்ட். லோடு இல்லாமல் பார்த்தால் பாதி செத்த பேட்டரிகூட நல்ல பிள்ளையாக நிற்கும். வள்ளத்தில் வைத்து, எல்லாவற்றையும் ஓடவிட்டு, ஒருவரை மைக்கை அழுத்தச் சொல்லிவிட்டுப் பார். முதலில் மீட்டரின் ரெண்டு முனையையும் பேட்டரியின் ஈயக் குமிழ்களில் வை, கிளாம்பில் வைக்காதே. அடுத்து விஎச்எஃப்புக்குப் பின்னால் வயர் ஏறுகிற இடத்தில் அதே போல வை. ரெண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் குற்றம் வயரில். மைக்கை அழுத்தும்போது அந்த செட் 5, 6 ஆம்பியர் இழுக்கும். களிம்பு பிடித்த ஒரே ஒரு ஜாயின்ட் போதும், அதிலேயே ஒரு வோல்ட் காணாமல் போய்விடும்.

பிறகு ஹைட்ரோமீட்டர் வைத்து ஆறு செல்லிலும் கிராவிட்டி (ஆசிட்டின் அடர்த்தி) பார். முழு சார்ஜில் 1.250க்கு மேல் இருக்க வேண்டும். எது எவ்வளவு என்பதைவிட ஆறும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரு செல் மட்டும் இறங்கி இருந்தால் அந்த பேட்டரி தேறாது.

இன்னொன்று, கணக்கு. விளக்குக்கு 1.7 ஆம்பியர், 12 மணி நேரம், 20 ஏஎச். எக்கோவும் விஎச்எஃப் கேட்பதும் சேர்ந்து 1.5 ஆம்பியர், 15 மணி நேரம், 22 ஏஎச். ஒரு ராத்திரிக்கு 42 ஏஎச். 75 ஏஎச் பேட்டரியில் பாதிக்கு மேல் தினமும் காலி செய்திருக்கிறாய். கார் பேட்டரியில் மெல்லிய ப்ளேட்கள், ஒரு நொடி பலமாகத் தள்ளிவிட்டு ஓய்வெடுக்கச் செய்தது. இப்படி இழுத்தால் அதற்கு ஆயுசு ஒரு வருசம்தான். அதற்கு மேல் ஐந்து வாரம் சார்ஜ் இல்லாமல் போட்டாய் அல்லவா, அப்போது ப்ளேட்டில் வெள்ளை உப்பு இறுகியிருக்கும்.

வேம்பார் வள்ளம்:

அண்ணாச்சி, நேற்று கரையில் வைத்தே பார்த்தேன். மைக்கை அழுத்தும்போது பேட்டரிக் குமிழில் 11.9, விஎச்எஃப் பின்னால் 10.6. வயரைத் தடவிக்கொண்டே போனேன். அணியத்துப் பலகைக்கு அடியில் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட் இருந்தது. தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. டேப்பைப் பிரித்தால் செம்பே தெரியவில்லை, பச்சைத் தூள் என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. முறுக்கியிருந்த கம்பியில் நாலைந்து இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது. மைனஸ் கிளாம்புக்குள்ளும் வெள்ளையாகப் பூத்திருந்தது, வெந்நீரும் சோடா உப்பும் விட்டுக் கழுவினேன்.

கிராவிட்டி ஐந்து செல்லில் 1.250, மூன்றாவதில் 1.180. அப்படியானால் ரெண்டும் போய்விட்டதா?

பேட்டரி பட்டறை, தூத்துக்குடி:

ஆமாம், ரெண்டும்தான். வயரை முதலில் மாற்று. புது பேட்டரி வாங்கி அந்த ஜாயின்ட்டில் மாட்டியிருந்தால் காசு போயிருக்கும், திரை அப்போதும் அணைந்திருக்கும். 4 ஸ்கொயர் (4 சதுர மி.மீ.) வயர், ஈயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் அதையே வாங்கு. பேட்டரியிலிருந்து விஎச்எஃப்புக்குத் தனி வயர், நடுவில் ஜாயின்ட் வேண்டாம். ப்ளஸ் குமிழுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போடு. கிளாம்பை இறுக்கியபின் மேலே கிரீஸ் பூசு.

பேட்டரி 100 ஏஎச், டீப் சைக்கிள் (தினமும் நெடுநேரம் இழுத்தாலும் தாங்கும் வகை) என்று கேட்டு வாங்கு. லித்தியமும் நல்லதுதான். 12 கிலோதான் இருக்கும், மணலில் தூக்கிக்கொண்டு நடக்க சுகம். ஆனால் உன் பழைய சார்ஜர் அதற்கு ஆகாது, 14.6 வோல்ட்டில் நிற்கிற அதற்கென்ற சார்ஜர் வேண்டும். கடைசிவரை 13க்குப் பக்கத்திலேயே காட்டிவிட்டு, தீரும் நேரத்தில் உள்ளே இருக்கும் போர்டு பட்டென்று வெட்டிவிடும். விளக்கு மங்கி முன்கூட்டியே சொல்லாது. வாங்கினால், எத்தனை ஏஎச் செலவானது என்று காட்டுகிற மீட்டரும் சேர்த்து வாங்கு. எதை வைத்தாலும் தனி செல்லில் எரியும் டார்ச் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மண்டபம் கரை:

இதைப் படித்துவிட்டு என் படகிலும் பார்த்தேன். குமிழுக்கும் விஎச்எஃப்புக்கும் 0.8 வித்தியாசம். நாளைக்கு வயரைப் பிரிக்கிறேன்.

வேம்பார் வள்ளம்:

வயர் மாற்றியாகிவிட்டது அண்ணாச்சி. பழைய பேட்டரியிலேயே மைக்கை அழுத்திப் பார்த்தேன், திரை அணையவில்லை. கையில் இருக்கும் காசுக்கு 100 ஏஎச் ஆசிட் பேட்டரிதான், சனிக்கிழமை வாங்குகிறேன். அதுவரைக்கும் ராத்திரித் தொழிலுக்குப் போகவில்லை.

பேட்டரி பட்டறை, தூத்துக்குடி:

சரி தம்பி. பழையதையும் கடைக்குக் கொண்டு போ, ஈயத்துக்கு விலை கழித்துக் கொடுப்பார்கள். அடுத்த மழைக்கு வள்ளத்தைக் கரையேற்றினால் மாதம் ஒரு தடவையாவது சார்ஜ் போடு.