சேலைப் பேரை வெட்டினால் பன்னிரண்டும் ஒரே பேராகத் தெரிகிறது

தெப்பக்குளத்தான்:
தெற்கு மாசி வீதியில் பெரியப்பாவுக்குச் சுங்குடிக் கடை. அதற்கு நான்தான் வலைத்தளம் போட்டுக் கொடுத்தேன். 'மதுரை கைமுடிச்சு சுங்குடி காட்டன் சேலை, அரக்கு உடல், பச்சை பார்டர்' என்று பேர் நீளம். போனில் கட்டம் தாறுமாறாக நீண்டதால், சர்வரில் ஓடும் பிஹெச்பி நிரலில், சொல்லை வெட்டும் எம்பி_சப்ஸ்டர் என்ற ஃபங்ஷனைப் போட்டு 32 எழுத்தோடு வெட்டி மூன்று புள்ளி வைத்தேன். இப்போது பன்னிரண்டு சேலையும் 'மதுரை கைமுடிச்சு சுங்குடி காட்டன...' என்றே நிற்கிறது. ன் மேல் இருந்த ஒரு புள்ளியைக் காணோம், பின்னால் மூன்று புள்ளி வந்துவிட்டது. "சேலைல புள்ளி இருந்தா அழகு. பேருல எதுக்குடா புள்ளி?" என்கிறார் பெரியப்பா. என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
அந்த ஃபங்ஷன் எழுத்தை எண்ணாது, யூனிகோட் குறிகளை எண்ணும். 'மதுரை' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. ன் என்பது ன தனி, புள்ளி தனி. சர்வரில்தான் வெட்டுவேன் என்றால், புள்ளியோடு சேர்த்து முழு எழுத்தாக எண்ணும் கிராஃபீம்_சப்ஸ்டர் இருக்கிறது. ஆனால் ஏன் வெட்டுகிறீர்கள்? முழுப்பேரையும் அனுப்பிவிட்டு, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஓவர்ஃப்ளோ: ஹிடன், ஒயிட்-ஸ்பேஸ்: நோரேப், டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ: எலிப்சிஸ். மூன்றும் சேர்ந்தால்தான் புள்ளி வரும். பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் கட்டத்துக்குள் என்றால் மின்-விட்த்: 0 கொடுங்கள், இல்லாவிட்டால் சுருங்காது.

பழங்காநத்தம் அண்ணன்:
தம்பி, அதெல்லாம் சரி, ஒரு வரியில் வெட்டினாலும் பன்னிரண்டும் ஒரே பேர்தானே? கடைக்கு வருகிறவர்கள் 'மதுரை சுங்குடி' என்றா கேட்கிறார்கள்? அரக்கில் இருக்கா, மாம்பழக் கலரில் இருக்கா என்றுதான் கேட்பார்கள். நிறத்தை முன்னால் கொண்டு வாருங்கள். இரண்டு வரி விட்டு, அதற்கு மேல் போவதை மறைக்கும் லைன்-கிளாம்ப் போடுங்கள். வரி உயரம் 1.5 வையுங்கள், 1.1 என்று நெருக்கினால் கூ, டி எல்லாம் மேலும் கீழும் நறுக்கப்படும். மவுஸ் வைத்தால் முழுப்பேர் வருகிற வேலை போனில் நடக்காது, அதை நம்பவேண்டாம்.

தெப்பக்குளத்தான்:
நன்றி அண்ணே. 'அரக்கு, பச்சை பார்டர், கைமுடிச்சு சுங்குடி' என்று பன்னிரண்டையும் நேற்று ராத்திரி உட்கார்ந்து திருப்பி எழுதினேன். 'மதுரை'யைத் தூக்கிவிட்டேன், பெரியப்பா இன்னும் கவனிக்கவில்லை. 'மயில்கழுத்து' மட்டும் மூன்றாவது வரிக்குப் போனது. அதில் 'பார்டர்' என்பதைக் 'கரை' என்று மாற்றியதும் அடங்கிவிட்டது.