புதுப்பிப்பு: வெம்பன்யாமா வளையத்தருகேதான் ஆட வேண்டுமா?

2024-25 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டுக்கும் மேற்பட்ட மூன்று புள்ளி எறிதல்களை (வளையத்துக்குத் தொலைவிலுள்ள கோட்டுக்கு வெளியிலிருந்து எறிபவை) முயன்ற, அமெரிக்க NBA கூடைப்பந்துத் தொடரின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் விக்டர் வெம்பன்யாமா, ஏழடியை மிஞ்சும் தன் உயரத்தை வீணாக்குகிறாரா என்று முன்பு கேட்டிருந்தேன். அவரது மெலிந்த உடல், வளையத்தடியில் ஆடும் கனத்த சென்டர்களின் இடியைத் தாங்காது, ஆகவே வளையத்தை விட்டு வெளியே ஆடுவதே சரி என்று பலர் வாதிட்டனர். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் 2025 கோடையில் முன்னாள் NBA சென்டர் ஹக்கீம் ஒலாஜுவானிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியவர், அக்டோபரில் டல்லாஸ் அணிக்கு எதிரான பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, தோளால் முட்டி வளையத்தடிக்குப் புகுந்து, 40 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் (வளையத்தில் விழாது திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தார். அதற்காகத் தொலைவு எறிதலை அறவே கைவிடச் சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. அவர் வெளியே நின்றால்தான் எதிரணி சென்டரும் வெளியே இழுக்கப்பட்டு, ஸ்டெஃபான் காஸில் போன்ற சக வீரர்கள் உள்ளே பாய வழி பிறக்கிறது.