கெளுத்தி சினைக்கு ஒரு ஸ்தோத்திரம்

(சின்னச் சந்தோஷங்களைப் பற்றி மூன்று பெண்கள் எழுதிய கடிதங்கள்)

மஞ்சக்குப்பத்திலிருந்து

எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்கிற சாட்சி நேரம் வந்தாலே நான் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். மகனுக்குக் கனடா விசா வந்துவிட்டது, மாடி எழுப்பியாச்சு, வயிற்றுக் கட்டி கரைந்துவிட்டது என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். என்னிடம் என்ன இருக்கிறது? வாடகை வீடு, ஜவுளிக்கடை பில் கவுண்டரில் வேலை, முழங்கால் வலியோடு மாமியார். "இம்மட்டும் காத்தாரே, ஸ்தோத்திரம்" என்று ஒப்புக்குச் சொல்லி முடித்துவிடுவேன்.

போன மே மாதம். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஃபைபர் படகில் வருவதுதான் மீன். கடலூர் முதுநகரில் சங்கரா மீனே கைக்கு எட்டாத விலை. அன்றைக்குச் சாட்சி சொல்ல ஒரு பெரியம்மா எழுந்தார். எழுபதைத் தாண்டியவர், தனிக்கட்டை.

"கையில நூறு ரூவாதான் இருந்துச்சு. நாலு கெளுத்தியக் கூறு கட்டி வச்சிருந்தா, வாங்கியாந்தேன். சாம்பல் போட்டுத் தேச்சு வயித்தக் கீறினா, ரெண்டு மீன்ல சினை! கோலிக்குண்டு கணக்கா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். கூடமே சிரித்தது. போதகர் மனைவி ஐயரம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மீன் சினை வைக்கிற காலம் என்றுதானே தடையே போடுகிறார்கள், இதில் என்ன அதிசயம் என்று நான் மனசுக்குள் கணக்குப் பார்த்தேன். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும், எப்படிச் சமைத்தீர்கள் என்று கேட்டேன். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, இறக்கப்போகும்போதுதான் சினையைப் போட வேண்டுமாம். கரண்டியே படக்கூடாதாம், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டால் போதுமாம். பிறகு சொன்னார்: "பாதிய ராத்திரிக்கு எடுத்து வச்சேன் பாப்பா. பொழுது சாயற வரைக்கும் அது இருக்குங்கிற நெனப்பே நல்லாருந்துச்சு."

அன்றிலிருந்து நான் மாறிவிட்டேன் என்று எழுதினால் அது பொய். மறந்தே போனேன். ஆடித் தள்ளுபடி முடிந்து ஒரு ராத்திரி கால் வீங்கி டவுன் பஸ் ஏறினேன், ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கெடிலம் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோதுதான் பெரியம்மா ஞாபகம் வந்தார். அடுத்த கூட்டத்தில் அந்தக் காற்றைச் சாட்சியாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

புதுச்சேரியிலிருந்து

நாங்கள் கத்தோலிக்கர், சம்பா கோயில் பங்கு. வில்லியனூர் லூர்து மாதா குளத்துக்கு ஒருமுறை பெரிய வேண்டுதலோடு போயிருந்தேன். தண்ணீர் பிடித்த பிறகு பார்த்தால் பாட்டில் மூடியைக் காணோம். படியில் நின்ற ஒரு பெண் பூப் பொதிந்திருந்த பிளாஸ்டிக் கவரைக் கிழித்து வாயில் மூடி, தன் பின்னலில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றிக் கட்டிக் கொடுத்தாள். பின்னல் அவிழ்ந்ததைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. பேர்கூடக் கேட்கவில்லை நான். வேண்டுதல் என்னவென்று இப்போது யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ரப்பர் பேண்ட் மாதா படத்து ஆணியில் தொங்குகிறது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மஞ்சக்குப்பத்து அக்கா. "போதுமென்கிற மனசு வேணும்" என்று கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமான புதிதில் கிழிந்த நைட்டிக்கு மாற்று கேட்டாலும் இந்த வசனம்தான் பதிலாக வந்தது. பைபிளில் இதே விஷயத்தைப் பேசுகிற, பவுல் எழுதிய பிலிப்பியர் கடிதத்தின் நாலாம் அதிகாரத்தைப் பிறகு நானே உட்கார்ந்து படித்தேன். பவுல் காவலில் இருந்துகொண்டு, மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று தன்னைப் பற்றி எழுதுகிறார். அடுத்தவர் வாயை அடைக்க எழுதவில்லை. அதே அதிகாரத்தில், எப்பாப்பிரோதீத்து கையில் நீங்கள் கொடுத்தனுப்பியது வந்து சேர்ந்தது என்று மகிழ்ச்சியோடு எழுதவும் செய்கிறார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பவில்லையே! இப்போது தையல் மெஷின் வாங்கிவிட்டேன். என் காசில் வாங்கிய முதல் நைட்டி, பச்சையில் வெள்ளைப் பூ. அதைப் போட்டுக்கொண்டு வாசல் தெளிக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை எந்தச் சங்கத்திலும் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து, மறுபடியும்

தங்கச்சி, நீ சொன்னது சரி. அந்தப் பெரியம்மாவும் சினையோடு திருப்திப்பட்டுச் சும்மா இருக்கிறவர் இல்லை. முதியோர் பணம் கேட்டு மூன்று தடவை மனுப் போட்டு அலைந்தவர். வர்ற திங்கள்கிழமை நாலாவது தடவை. எனக்கு அன்றைக்கு வார லீவு, துணைக்குப் போகிறேன். திரும்பும்போது மீன் வாங்கலாம் என்றிருக்கிறார்.