அண்ணா பதிந்து தந்த கசெட்

1997இல் எனக்கு 15 வயது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். வெற்றுக் கசெட்டையும் பாட்டு லிஸ்டையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தரும் கடைகள் அப்போது இருந்தன. அண்ணா அப்படி ஒன்று பதிந்து வந்து தந்தான். ஏ பக்கத்தில் முதல் பாட்டு அமெரிக்கப் பாடகர் ஆர். கெலியின் 'ஐ பிலீவ் ஐ கேன் ஃப்ளை'. கடைக்காரர் பட்டனைப் பிந்தி அமத்திவிட்டார் போல, முதல் வரியின் முன்பாதி இல்லை. பாட்டு நடுவில்தான் தொடங்கும். இன்றைக்கும் வேறெங்காவது அந்த வரி முழுதாக வந்தால் எனக்கு ஏதோ கூடுதலாக இருப்பதுபோலத்தான் படும்.

அந்த வயதில் பறப்பது பற்றிய பாட்டு ஏன் பிடித்தது என்று விளக்கவே தேவையில்லை. 1996 ஜனவரியில் மத்திய வங்கியில் குண்டு வெடித்ததற்குப் பிறகு டியூஷனுக்குப் போவதே பெரிய பாடு. அடையாள அட்டை எடுக்க எனக்கு வயது காணாது. அதிபரின் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மா புத்தகப் பையில் வைத்துவிடுவா. செக் பொயின்டில் அதை நீட்டிவிட்டு, அவர்கள் வாசித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் முதல் வேலை கசெட்டைப் போடுவதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். உயர்தர அக்காமாரின் பிரியாவிடைக்கு அவளுடைய வகுப்பு இந்தப் பாட்டைத்தான் பாடப் போகிறதாம். "அம்மா, உங்கட காலத்துப் பாட்டு!" என்றாள். நான் சிரித்தேன். இரவு நித்திரை வரவில்லை.

பிறகுதான் தெரிந்தது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. 2002இல் ஆர். கெலிமேல் சிறுமி ஒருத்தியை ஆபாசமாகப் படமெடுத்தார் என்று வழக்குப் பதிந்தபோதே கேள்விப்பட்டேன். 2008இல் சிகாகோ நீதிமன்றம் 14 குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தபோது எனக்குச் சந்தோஷம். அந்த மனுஷனுக்காக இல்லை, என் கசெட் தப்பியதே என்று. 2019இல் பெண்கள் பலர் கமெராவுக்கு முன் இருந்து கதைத்த ஆவணத் தொடரையும் வேண்டுமென்றேதான் பார்க்காமல் விட்டேன். 2021இல் நியூயோர்க்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்து, அடுத்த வருடம் 30 வருடச் சிறை என்றானபோதுதான் வழக்கு விவரங்களை இருந்து வாசித்தேன்.

அதில் ஒரு விஷயம் தொண்டையில் சிக்கியது. 1994இல் அவருக்கு 27 வயது, பாடகி ஆலியாவுக்கு 15. அவளைக் கலியாணம் கட்டுவதற்காக அதிகாரி ஒருவருக்கு லஞ்சம் கொடுத்து அடையாள அட்டை எடுத்திருக்கிறார்கள். கலியாணச் சான்றிதழில் வயது 18. அந்தச் சான்றிதழை அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று அப்போதே அச்சிட்டும் இருந்தது. அதே வருடம் வந்த அவளுடைய முதல் அல்பத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த தலைப்புப் பாட்டு, வயது வெறும் எண்தான் என்கிறது. எல்லாம் என் கசெட்டுக்கு மூன்று வருடம் முந்தியவை. நான் 15 வயதில் அட்டை இல்லாமல் செக் பொயின்டில் நின்றேன். இன்னொரு 15 வயதுக்காரிக்கு அட்டையை அவர்களே செய்து கொடுத்திருக்கிறார்கள்.

டொரொண்டோவிலிருக்கும் அண்ணாவுக்கு அழைத்தேன். "பாட்டு என்ன பிழை செய்தது பிள்ளை?" என்றான். பிறகு, அவருக்குச் சேர வேண்டிய ரோயல்டியில் 5 இலட்சம் டொலருக்கு மேல் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி 2023இல் நீதிபதி உத்தரவிட்டதை எடுத்து விட்டான். நீ கேட்டால் அவர்களுக்குத்தானே காசு போகும் என்பது அவன் கணக்கு. அண்ணாவுக்கு எதையும் கணக்காக்கிவிட வேண்டும், சின்னதிலிருந்தே அப்படித்தான். அந்தப் பிள்ளைகள் இந்தக் குரலை எங்கேயும் கேட்காமல் இருக்கவே விரும்புவார்கள் என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை. கசெட்டுக்குக் காசு கொடுத்தவன் அவன்.

மகளிடம் சொல்வதுதான் கஷ்டம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, சுருக்கமாகச் சொன்னேன்.

"அந்த அக்காவுக்கு எத்தனை வயசு?"

"உன்ர வயசு."

கொஞ்ச நேரம் கப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றாள். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வருடங்களைச் சொன்னேன், 2008இல் சந்தோஷப்பட்டதையும் சேர்த்து. அவள் எழும்பிப் போய்விட்டாள். வகுப்பில் என்ன கதைத்தார்களோ, இப்போது வேறு பாட்டுப் பழகுகிறார்கள்.

நேற்றுப் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டு என்னையறியாமல் முணுமுணுத்திருக்கிறேன். நிமிர்ந்து பார்த்தால் குசினி வாசலில் மகள். அதுவும் வரியின் பாதியிலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன், கசெட்டில் இருந்த மாதிரியே.