வினிகர்ல சோடா உப்பு பொங்கிட்டா வீடு சுத்தமாயிருமா?

பாளைக்காரி:
ரெண்டு மாசமா வீட்டுக்கு ஒரு கிளீனரும் வாங்கல. பினாயில், பாத்ரூம் ஆசிட், கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணி, ஏனம் கழுவுற ஜெல் எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. மகனுக்கு வீசிங் உண்டு. பினாயில் போட்டுத் துடைச்ச அன்னைக்கு ராத்திரி பூரா இருமுவான். நிறுத்தின பெறவு அந்த இருமல் இல்ல.

நான் செய்யுறது இதுதான். 100 மி.லி. வினிகர், ஒரு டீஸ்பூன் சோடா உப்பு, அரை மூடி எலுமிச்சம்பழம், வாசத்துக்கு ரெண்டு கற்பூரம். பொங்கி அடங்கினதும் பாட்டில்ல ஊத்தி வச்சிட்டு, ஒரு பக்கெட் தண்ணிக்கு ஒரு மூடி. தரை, அடுப்பு மேடை, வாஷ்பேசின், டாய்லெட், எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான். எங்க ஆச்சி காலத்துல என்ன கெமிக்கல் இருந்துச்சு? கடையில விக்கிறது பூரா விஷம். யாராவது மறுத்துச் சொல்லுங்க பாப்போம்.

வேதி வாத்தியார்:
மறுத்துச் சொல்லுதேன் தங்கச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. வினிகர் அமிலம், சோடா உப்பு காரம். ரெண்டும் தனித்தனியா நல்ல வேலைக்காரங்க. சேத்து வச்சா ஒருத்தரை ஒருத்தர் தீத்துக்கட்டிருவாங்க. கணக்கு பாருங்க: கடை வினிகர்ல 4 சதவீதம் அசிட்டிக் அமிலம், அப்ப 100 மி.லி.யில 4 கிராம். ஒரு டீஸ்பூன் சோடா உப்பு ஏறக்குறைய 5 கிராம். இந்த ரெண்டு அளவும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. பொங்கி அடங்கின பெறவு பாட்டில்ல மிஞ்சுறது சோடியம் அசிட்டேட்டுங்கிற ஒரு உப்புத் தண்ணி, மேல கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. அதையும் ஒரு பக்கெட்டுக்கு ஒரு மூடி ஊத்துதீங்க. உங்க தரையைச் சுத்தம் பண்ணுறது தண்ணியும் மாப்பும் உங்க கையும்தான்.

இன்னொண்ணு. அந்த 5 கிராம் சோடாவுல இருந்து ஒன்றரை லிட்டருக்குக் கிட்ட கரியமில வாயு வரும். முழுசா அடங்குமுன்ன மூடியை இறுக்கினா பாட்டில் வெடிக்கும்.

பாளைக்காரி:
வெடிச்சது. போன மாசம். ராத்திரி ஒரு மணிக்கு அடுப்பங்கரை அலமாரியில இருந்து மூடி பறந்து மாவுச் சல்லடை மேல விழுந்துச்சு. பூனைன்னு நினைச்சேன். சரி, அது இருக்கட்டும். என் மகன் இருமல் நின்னதுக்கு என்ன சொல்லுதீங்க?

வேதி வாத்தியார்:
நின்னிருக்கும். நம்புதேன். பினாயில் வாடையும், வாசனைக்குன்னு சேக்குறதும் ஆஸ்துமா உள்ளவங்களுக்கு இழுப்பைக் கிளப்பும். நீங்க பினாயிலை நிறுத்துனது சரி. அந்தப் பேரை வினிகர்-சோடாவுக்குக் கொடுக்கிறதுதான் தப்பு. வெறும் தண்ணியில துடைச்சிருந்தாலும் பையன் இருமிருக்க மாட்டான்.

டவுண் கடைக்காரன்:
"பூரா விஷம்"னா அப்ப நான் பதினஞ்சு வருஷமா விஷமா விக்குதேன்? தெருவுல சைக்கிள்ல பேரு இல்லாத பாட்டில்ல வெள்ளைப் பினாயில் கொண்டு வருவாங்க, என்ன கலந்திருக்குன்னு கொண்டு வாரவனுக்கே தெரியாது. அதைத் திட்டுங்க, நானும் கூட வாரேன். லேபிள் ஒட்டி, எத்தனைக்கு எத்தனை தண்ணி ஊத்தணும்னு போட்டு வாரதை எதுக்கு அதோட சேக்குதீங்க?

"ஹோம்மேடு, நேச்சுரல்"னு சொல்லி எங்கிட்டயே கொண்டு வந்து சோப்பு ஆயில் வைக்கச் சொல்லுவாங்க. என்ன போட்டு செஞ்சீங்கன்னு கேட்டா ஆசிட் ஸ்லரி (சோப்பு ஆயிலுக்கு மூலப்பொருளா போடுற அமிலக் கூழ்), காஸ்டிக் சோடா, உப்பு. பெரிய கம்பெனி போடுறதும் அந்த ஸ்லரி வகையறாதான். வீட்டுல கலந்தா நேச்சுரல் ஆயிருமா? காஸ்டிக்கைத் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமாப் போடணும். காஸ்டிக் மேல தண்ணியை ஊத்திரக் கூடாது, கொதிச்சு முகத்துல தெறிக்கும். இதைச் சொல்லிக் கொடுக்காம கிட்டு மட்டும் வித்துட்டுப் போயிருதாங்க.

கல்லிடை பேத்தி:
பாளை அக்கா, ஆச்சி காலம்னு சொன்னியளே, எந்த ஆச்சி வினிகர் ஊத்துனா? கல்லிடைக்குறிச்சியில எங்க ஆச்சி வீட்டுப் புறவாசல்ல நாலே நாலு சாமான் இருக்கும். சாம்பல், புளி, பூந்திக்கொட்டை, தேங்கா நார். பித்தளைக் குத்துவிளக்குக்குப் பழம்புளியும் கல்லுப்பும். புளியில டார்டாரிக் அமிலம் இருக்குன்னு ஆச்சிக்குத் தெரியாது, ஆனா தேச்ச கையோட கழுவாம வச்சா விளக்கு மறுபடி கறுத்துப் போகும்னு தெரியும். எண்ணெய்ச் சட்டிக்குச் சாம்பல். நல்ல விறகுச் சாம்பல்ல பொட்டாசியம் கார்பனேட் உண்டு, அது எண்ணெயைக் கொஞ்சம் சோப்பாவே மாத்திரும், அதான் தேய்க்கையில வழவழன்னு வரும்.

பூந்திக்கொட்டைத் தண்ணிக்கு என் அளவு: 20 கொட்டை, விதையை எடுத்துட்டு ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறப் போடணும். காலையில கால் மணி நேரம் கொதிக்க விட்டு, ஆறினதும் பிசைஞ்சு வடிகட்டணும். ஏனம், தரை, பட்டுத்துணி, வெள்ளி, எல்லாத்துக்கும் ஆகும். வெளியில வச்சா மூணு நாள்ல புளிச்சு நாறும், ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம். நுரை கொஞ்சமாத்தான் வரும், நுரையைப் பாத்து அளக்காதீங்க.

டவுண் கடைக்காரன்:
சாம்பலுக்கு விறகடுப்பு வேணும்லா? கேஸ் அடுப்பு வீட்டுல சாம்பலை எங்க போய் அள்ள? அந்த ஆச்சிமார் அடுப்பு முன்னால கண்ணு எரிய இருமிக்கிட்டே கிடந்ததையும் சேத்துச் சொல்லுங்க.

கல்லிடை பேத்தி:
அதுவும் உண்மைதான் அண்ணாச்சி. எங்க ஆச்சி இருமல் எனக்கு இன்னைக்கும் காதுல கேக்கும். சாம்பலை விடுங்க. பூந்திக்கொட்டைக்கு அடுப்புப் புகை வேண்டாம்லா?

ராதாபுரம் உப்புத்தண்ணி:
தாமிரபரணி தண்ணி வார வீட்டுல இருந்துக்கிட்டு எல்லாரும் பேசுதீங்க. எங்க ஊர் போர் தண்ணிக்கு வாங்க. சோப்பு போட்டா நுரை வராது, தயிர் தெறிச்ச மாதிரி வெள்ளையா மிதக்கும். பைப்பு வாயில, ஷவர்ல, சுடுதண்ணிக் கெட்டில்ல சுண்ணாம்பு மாதிரி உப்புக் கட்டி ஒட்டியிருக்கும். அதுக்கு வினிகர் கேக்கும், சோடா சேக்காத வெறும் வினிகர். பழைய பனியனைக் கிழிச்சு வினிகர்ல முக்கி பைப்பு வாயில சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுருவேன். ஒரு மணி நேரம். உத்துப் பாத்தா ஓரத்துல பொடிப் பொடியாக் குமிழ் விடும். அவுத்துட்டு பழைய பிரஷ்ஷால தேச்சா செதில் செதிலா உரிஞ்சு வரும். கெட்டிலுக்கு மளிகைக் கடையில வார எலுமிச்சை உப்பு ஒரு ஸ்பூன் போட்டுக் கொதிக்க வச்சு ஊத்திருவேன், அதுக்கப்புறம் ரெண்டு தடவை நல்ல தண்ணி.

பூந்திக்கொட்டையும் எங்க தண்ணியில சோப்பை விட நல்லா வேலை செய்யுது. அந்தத் தயிர் மாதிரி ஒட்டுறது வராது. அதனால நான் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

சிந்துபூந்துறை:
நான் முழுசா கடைச் சாமான் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 மறந்து போச்சா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டருக்கு ஒட்டி மழை. இங்க சிந்துபூந்துறையில தாமிரபரணி ஆறு வீட்டுக்குள்ள வந்துச்சு. வடிஞ்ச பெறவு தார்சா, அதான் முன் கூடம், பூராவும் முழங்கால் அளவு சேறு, அதுல சாக்கடை, செத்த எலி. ஏனம் கழுவுற அங்கணக்குழி இருந்த இடமே தெரியல. அன்னைக்குப் பூந்திக்கொட்டையை ஊறப் போட்டுக்கிட்டு இருந்திருந்தா வீட்டுல வயித்துப்போக்குதான். சேத்தை வாரிக் கொட்டி, சோப்புத் தண்ணி விட்டுக் கழுவி, கடைசியா பிளீச்சிங் பவுடர். அதுதான் காப்பாத்துச்சு.

ஆனா ஒண்ணு நடந்துச்சு, அதையும் சொல்லிருதேன். எங்க சித்தப்பா பாத்ரூம்ல பிளீச்சிங் பவுடர் தூவியிருந்த தரையில, "இன்னும் நல்லாப் போகட்டும்"னு டாய்லெட் ஆசிட்டை ஊத்திட்டாரு. கதவு சாத்தியிருந்துச்சு. கண்ணு தொறக்க முடியாம, மூச்சு திணறி, சுவத்தைத் தடவிக்கிட்டே வெளியில வந்தாரு. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில ஆக்ஸிஜன் வச்சிருந்தாங்க.

பாளைக்காரி:
பாத்தேளா! இதைத்தான் நான் விஷம்னு சொன்னேன். என் வினிகர் யாரையாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருக்கா?

வேதி வாத்தியார்:
உங்க வினிகரை அந்தப் பிளீச்சிங் பவுடர் மேல ஊத்தியிருந்தாலும் இதேதான் தங்கச்சி. பிளீச்சோட எந்த அமிலம் சேந்தாலும் குளோரின் வாயு வரும். வினிகர், எலுமிச்சை, புளித்தண்ணி, டாய்லெட் ஆசிட், எதுவா இருந்தாலும் சரி. ஆசிட்ல வேகமா வரும், வினிகர்ல கொஞ்சம் மெதுவா வரும். 1915-ல ஈப்பர் போர்க்களத்துல ஜெர்மன் படை சிலிண்டர் சிலிண்டராத் திறந்து விட்டது இந்த வாயுவைத்தான். அம்மோனியா இருக்கிற, கண்ணாடி துடைக்கிற தண்ணியோட பிளீச்சைக் கலந்தாலும் வேற ஒரு கெட்ட வாயு வரும்.

"வீட்டுல செஞ்சது, அதனால எதோடயும் கலக்கலாம்"னு நினைக்கிறதுதான் எனக்குப் பயம். நல்லதுன்னு நீங்க போட்ட கற்பூரத்தையே எடுத்துக்கிடுங்க. சின்னப்பிள்ளை ரெண்டு வில்லையை முழுங்கினா வலிப்பு வரும். வாஷ்பேசின்ல போடுற அந்துருண்டையும் அப்படித்தான், சில பிள்ளைகளுக்கு ரத்த சிவப்பணுவையே உடைச்சிரும். பூந்திக்கொட்டைத் தண்ணி கண்ணுல பட்டா எரிச்சல் தாங்காது; அதுல இருக்கிற சபோனின் மீனுக்கு ஆகாது, செவுளைக் கெடுத்துரும். செடியில விளைஞ்சதா ஃபேக்டரியில வந்ததாங்கிறது கேள்வி இல்ல. எவ்வளவு, எங்க, எதோட, இது மூணுதான் கேள்வி.

கல்லிடை பேத்தி:
மீனுக்கு ஆகாதுன்னா சார், ஒரு செம்புத் தண்ணியை வாழைக்கு ஊத்திட்டா போச்சு. பாபநாசத்துல படித்துறையில போய்ப் பாருங்க, ஷாம்பூ சாசே எத்தனை மிதக்குன்னு. குத்தாலத்துல சோப்பு, ஷாம்பூ, எண்ணெய் போடக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லிருக்கு. அங்க நிக்கிற போலீஸ்காரர் கண்ணைத் தப்புனா முதுகுல நுரைதான். நான் பூந்திக்கொட்டையை ஆத்துல கொண்டு போய்க் கொட்டலியே.

சிந்துபூந்துறை:
அப்ப பிளீச்சு வேணும்தான். எத்தனை போடணும் சார்? அன்னைக்கு நாங்க அள்ளி அள்ளி வீசினோம்.

வேதி வாத்தியார்:
அள்ளி வீச வேண்டாம். 30 சதவீதம் குளோரின் உள்ள நல்ல பவுடர்னா 10 லிட்டர் பக்கெட்டுக்கு 30 கிராம் சொச்சம். தெளிய விட்டு மேல்தண்ணியை மட்டும் தரையில விட்டு 10 நிமிஷம் ஊற விடணும். அழுக்கு மேல போட்டா குளோரினை அழுக்கே தின்னுரும், முதல்ல கழுவணும். அதை நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. திறந்து வச்ச பழைய மூட்டையில வீரியம் போயிருக்கும். கையுறை போடுங்க, ஜன்னலைத் திறங்க. இது வெள்ளம், வயித்துப்போக்கு, வாந்தி எடுத்த இடம் மாதிரி நேரத்துக்கு. தினமும் வீட்டைத் துடைக்க இது எதுக்கு?

டவுண் கடைக்காரன்:
தினமும் வேண்டாம்னு நீங்களே சொல்லிட்டா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான் சார்.

பாளைக்காரி:
சரி, ஒத்துக்கிடுதேன். சேத்துப் பொங்க வைக்கிறதை நிறுத்திருதேன். எண்ணெய்ப் பிசுக்குக்கு சோடா தனியா, உப்புக் கறைக்கு வினிகர் தனியா, ஏனத்துக்குப் பூந்திக்கொட்டை. கற்பூரத்தை பூஜை அறைக்கே கொண்டு போயாச்சு. ஆனா பினாயில் எங்க வீட்டு வாசப்படி ஏறாது, அதுல மாத்தமே இல்ல.

ராதாபுரம் உப்புத்தண்ணி:
அக்கா, சோடாவை அலுமினியச் சட்டியில போட்றாதீங்க, கறுத்துரும். துணி சோடா இன்னும் மோசம், அது கடுங்காரம். கடையில ரெண்டும் வெள்ளைப் பொடிதான், கேட்டு வாங்குங்க. உங்க வீட்டுத் தரை என்ன தரை?

பாளைக்காரி:
மொசைக். தாத்தா கட்டின வீடு. ஏன் கேக்குறிய? அடுப்பு மேடைக்குக் கீழ, வெறும் வினிகர் சிந்தின இடத்துல, வெள்ளையா வட்டம் வட்டமா இருக்கு. துடைக்கத் துடைக்கப் போகல. கறைன்னு நினைச்சு மறுபடி வினிகரே ஊத்தித் தேச்சேன்.

ராதாபுரம் உப்புத்தண்ணி:
போச்சு. அது கறை இல்ல அக்கா, பாலிஷ் போன இடம். மொசைக்குல இருக்கிறது சலவைக்கல் சில்லும் சிமெண்டும். எங்க பைப்புல உப்பை எப்படி அரிக்குமோ அப்படியே தரையையும் அரிச்சிரும். எங்க வீட்டுலயும் ஒரு ஓரம் அப்படித்தான் கிடக்கு, மேல பாயை விரிச்சு மறைச்சிருக்கேன். இனி துடைச்சுப் போகாது, மிஷின் வச்சு பாலிஷ் போடுறவரைத்தான் கூப்பிடணும். என்ன ஊத்துனீங்கன்னு கேப்பாரு. பாயசம் சிந்திருச்சுன்னு சொல்லுங்க, வினிகர்னு சொன்னா கூலியை ஏத்திருவாரு.