அன்றாடம் குடிக்க விலை குறைந்த சிவப்பு ஒயின்: காரைக்காலில் எது வாங்கலாம்?

காரைக்கால் நண்பர்களுக்கு வணக்கம். இரவுச் சாப்பாட்டோடு நானும் மனைவியும் ஆளுக்கு ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் குடிப்பது வழக்கம். 750 மில்லி பாட்டில் 700 ரூபாயைத் தாண்டினால் மாதக் கணக்கு உதைக்கிறது. அதற்குள் நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.

போர்ட் என்று விற்கும் இனிப்புச் சரக்கு வேண்டாம். இருமல் மருந்துதான் நினைவுக்கு வருகிறது. துவர்ப்பு மிகுந்ததும் ஒத்துவரவில்லை. வஞ்சிர மீன் குழம்பின் காரத்தோடு சேர்ந்தால் நாக்கு எரிகிறது. நாசிக், நந்தி மலைப் பக்கத்து ஷிராஸ் திராட்சை ஒயின்களில் மென்மையானது எது?

இன்னொரு தொல்லை வெயில். போன மாதம் ஒரு கடையில், வாசல் வெயில் பட நின்றிருந்த பாட்டிலை வாங்கி ஏமாந்தேன். தக்கை பிதுங்கி, கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. வாயில் வைத்தால் வேகவைத்த திராட்சை! ஆகவே குளிர்ந்த அறையில் வைத்து விற்கும் கடை தெரிந்தால் அதையும் குறிப்பிடுங்கள். திருகுமூடி போட்டதாக இருந்தால் நல்லது. மீதியை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் தீர்த்துவிடுவோம். எல்லை தாண்டி எடுத்துப்போகும் வேலையெல்லாம் இல்லை, வீடு நெடுங்காட்டில்தான்.